நடுவுல ஒரு பள்ளம்

பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்குத்தான் ஹனிபா அதை முதல்முதலாகச் சொன்னார்.

“அண்ணே, இந்தப் பொட்டியில என்னமோ கோளாறு. வரி நேரா நிக்க மாட்டேங்குது. நடுவுல மட்டும் பள்ளத்துல எறங்கி ஏறுது.”

சொக்கு தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து கம்ப்யூட்டர் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். வெள்ளையில் கறுப்பாக எழுத்து நின்றது. அதற்கு மேல் அவருக்குப் பிடிபடவில்லை.

“பொடிப்பொடியா இருக்கு, எனக்கு எங்குட்டுத் தெரியுது? நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். அந்தப் புள்ள முத்தழகுக்குப் போனப் போடு.”

சொக்கு காரைக்குடியில் பத்திரம் எழுதுகிறவர். லைசென்ஸ் அவர் பேரில் இருந்தாலும் பத்தொன்பது வருஷமாகப் பத்திரம் உருவானதெல்லாம் ஹனிபாவின் விரல்களில்தான். ஓட்டுக் கட்டடத்தில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், இரண்டு மேஜை, கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன். வாசலில் பெஞ்சு போட்டுப் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டுக்கு எழுபது பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும் எழுபது பேருக்கும் தகப்பன் பெயர், கதவு எண், ஆதார் எண் எல்லாம் பிசகாமல் அடித்து வைப்பார் ஹனிபா. பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக்கொள்ள வருகிறவர்களிடம் சொக்கு முதலில் கேட்பது, “இத யாரு அடிச்சது? நம்ம ஆபீஸ்ல அடிச்சதில்லயே?” என்பதுதான். அந்தக் கேள்வியில் ஒரு பெருமை இருக்கும். ஹனிபா தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டிருப்பார். காது மட்டும் அங்கே இருக்கும்.

சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தடித்த கண்ணாடி. வலது கண் பிறந்ததிலிருந்து சரியில்லை. சோம்பேறிக் கண் என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதாக அவருடைய அம்மா சொல்வார். இடது கண் ஒன்றை வைத்தே பள்ளிக்கூடம் போனார், டைப் படித்தார், நிக்காஹ் முடித்தார். ஒற்றைக் கண்தான் வேலை செய்கிறது என்பது அவருக்கே பல நாள் மறந்துபோயிருக்கும்.

முத்தழகு அன்று மத்தியானமே ஸ்கூட்டியில் வந்தாள். செக்காலைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். முப்பது, முப்பத்தொன்று வயதிருக்கும். தோளில் ஒரு பை, அதற்குள் திருப்புளி, கேபிள், பிரஷ். வந்ததும் கேபிளைக் கழற்றி மாட்டினாள், முனையைத் துடைத்தாள், ஸ்கிரீனின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள்.

“இப்ப எப்படி இருக்கு பாய்?”

“இப்பத் தேவல மாதிரி இருக்கு. இரு… இல்ல, வளையுது.”

“எனக்கு நேராத்தான் தெரியுது.”

“விட்டு விட்டு வருது தாயி.”

விட்டு விட்டு வருகிற கோளாறுதான் அவள் தொழிலில் பெரிய தலைவலி. மெக்கானிக் வந்து நிற்கும்போது மிஷின் நல்ல பிள்ளையாகிவிடும், அவள் தெருமுனை தாண்டியதும் சண்டித்தனம் பண்ணும். அதனால் தன் கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதிலும் சொன்னவர் ஹனிபா பாய். இல்லாததை இருக்கு என்று சொல்கிற ஆள் இல்லை. அவள் அவரை நம்பினாள்.

அந்த நம்பிக்கையில் நாலு மாதம் போனது.

முதலில் கேபிளை மாற்றினாள். பிறகு தமிழ் எழுத்துருக்களை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ‘ழு’வும் ‘மு’வும் ஒன்று போலத் தெரிகிறது என்று ஹனிபா சொன்னதால் வந்த யோசனை அது. சுவருக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, அதன் வேலையாக இருக்கலாம் என்று மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். எலக்ட்ரீசியனை வைத்து எர்த் போட்டார்கள். மாசிக் கடைசியில் மானிட்டரையே தூக்கிப்போட்டுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கி வைத்தார் சொக்கு. ஒரு வாரம் ஹனிபா சிரித்த முகமாக இருந்தார். எழுத்துப் பெரிதாக இருந்ததால் அவருக்கு நன்றாகத் தெரிவது போலப் பட்டது. எட்டாம் நாள் மறுபடி போன் பண்ணினார்.

“தாயி, புதுசுலயும் வந்துருச்சு. இப்ப வளையிறதோட நடுவுல அழுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு கறை.”

அவள் வந்து மருந்து தெளித்துத் துணியால் துடைத்தாள். கறை போகவில்லை என்றார் அவர். அவள் இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

நோன்பு மாதம் வந்தது. பகலெல்லாம் வெறும் வயிறு, வெளியே தலையைப் பிளக்கிற வெயில். வீட்டிலும் சில சமயம் சுவர்க் கடிகாரத்தின் எண் நெளிவது போலிருந்தது ஹனிபாவுக்கு. கோளாறு பிடித்த ஸ்கிரீனை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்தால் அது கொஞ்ச நேரம் கண்ணில் நிற்கத்தான் செய்யும் என்று எண்ணிக்கொண்டார். பிறகு நோன்பு அசதி என்று எண்ணிக்கொண்டார். கழனிவாசல் வீட்டில் ஒருநாள் நோன்பு திறக்கும்போது மகளுக்குக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றுகிறேன் என்று விரிப்பில் ஊற்றினார்.

“கவனத்த எங்க வச்சுக்கிட்டு ஊத்துறீக?” என்று அவர் மனைவி லத்தீபா சத்தம் போட்டாள். “ஆபீஸ் நெனப்ப ஆபீஸ்லயே விட்டுட்டு வரக் கூடாதா?”

அவர் துணி எடுத்துத் துடைத்தார். துடைத்த இடத்துக்குப் பக்கத்தில் கஞ்சி அப்படியே கிடந்தது. மகள் அஃப்ரின் அதைத் துடைத்தாள்.

பெருநாள் முடிந்து, சித்திரையும் பாதிக்கு மேல் போனபிறகு பொன்னுத்தாயி வந்தாள். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவள். உள்ளங்கை இடுக்கெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருக்கும். மாசியில் இதே ஆபீஸில் தம்பியிடமிருந்து எழுதி வாங்கிய இரண்டு சென்ட் இடத்துக்குப் பட்டா மாற்றப் போனவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

“நான் வாங்கினது நூத்தி நாப்பத்தி மூணாம் நம்பரு. இதுல நூத்தி நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்காம். அது கம்மாக்கரையாம் சாமி. யாரோட எடத்த யாருக்கு எழுதிக் குடுத்தீக? தம்பி இப்ப மலேசியாவுல இருக்கான். அவன் வந்து கையெழுத்துப் போடணும்னா நான் எங்க போவேன்?”

சொக்கு பத்திரத்தை வாங்கிப் பார்த்தார், மூலப் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். அடித்த ஆளும் அடித்ததைச் சரிபார்த்த ஆளும் ஹனிபா. வாசல் பெஞ்சில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஹனிபா, இங்க வா.”

ஹனிபா தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். காது சிவந்துவிட்டது. “ஸ்கிரீன்ல மூணுன்னுதாண்ணே இருந்துச்சு. அல்லா மேல ஆணை. அந்தப் பொட்டிதான் இப்படிச் செய்யுது. நான் தையிலருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன்.”

“நாலு மாசமா மாத்தாத சாமான் இல்ல. இன்னும் அதயே சொன்னா எப்படி?” சொக்குவின் குரல் உயர்ந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவர் ஹனிபாவிடம் அப்படிப் பேசியதில்லை. பேசிவிட்டு அவருக்கே சங்கடமாகி போனை எடுத்தார். “முத்தழகு, இன்னைக்கே வா. வந்து, இதுக்கு ஒரு முடிவு சொல்லிட்டுப் போ. முடியலன்னா முடியலன்னு சொல்லிரு.”

முத்தழகு வரும்போது மணி மூன்று. ஓட்டிலிருந்து வெக்கை இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் ரோஷம் வந்திருந்தது. தன்னுடைய லேப்டாப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

“பாய், இன்னைக்குக் கண்டுபிடிக்காம நான் போறதில்ல. நீங்க உக்காருங்க. வளையிறதக் காட்டுங்க எனக்கு.”

ஸ்கிரீன் முழுக்கக் கட்டம் கட்டமாக நிறைந்த வெறும் கணக்குத் தாள் ஒன்றைத் திறந்தாள். கோடு போட்ட நோட்டைப் போல ஒரு எழுத்தும் இல்லாமல் கட்டங்கள்.

“எங்க வளையுது? வெரல வச்சுக் காட்டுங்க.”

“இந்தா, இங்க.” ஹனிபா நடுவில் விரலை வைத்தார். “கட்டமெல்லாம் உள்ளுக்குள்ள உருகி வடிஞ்ச மாதிரி இருக்கு. இந்த இடத்துல கட்டமே இல்ல.”

அவள் அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டு டேப்பை ஒட்டினாள். “சரி, இப்ப மேல் மூலைய நல்லா உத்துப் பாருங்க. அங்க எப்படி?”

“அங்க…” என்று இழுத்தார். “இப்ப அங்க வளையுது. டேப்பு ஒட்டின எடம் சரியாயிருச்சு.”

“கீழ பாருங்க.”

“இப்ப இங்குட்டு வந்துருச்சு. பாத்தியா, ஓடுது! நான் சொன்னேன்ல? ஒரு எடத்துல நிக்காது அது.” திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தவர் போல அவர் சொக்குவைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணே, பாருங்க, வந்து பாருங்க!”

முத்தழகு அவர் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு ஸ்கிரீனைத் தன் செல்போனில் படம் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இதுல எப்படி இருக்கு பாய்?”

“இதுலயும் விழுந்திருக்கு. நல்லாத் தெரியுதே, நடுவுல. இப்பவாவது நம்புறியா?”

அவள் நம்பினாள். செல்போனைத் திரும்ப வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தாள். கட்டமெல்லாம் நேராக நின்றன. கொண்டு வந்த லேப்டாப்பை அவள் திறக்கவே இல்லை.

“பாய், இங்குட்டு பாருங்க. அந்த ஜன்னல் கம்பியப் பாருங்க.”

“அதுல என்ன?”

“சும்மா பாருங்க.”

அந்தக் காலத்து ஜன்னல். ஆறு இரும்புக் கம்பிகள் மேலிருந்து கீழாக நேராக நிற்கும். வெளியே வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. ஹனிபா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுந்து ஜன்னலுக்குப் போய் நடுக்கம்பியைக் கையால் பிடித்து மேலிருந்து கீழ் வரைக்கும் தடவினார். தடவிய கை நேராக இறங்கியது. இன்னொரு தரம் தடவினார். அப்படியே கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“என்ன ஹனிபா?” என்றார் சொக்கு.

முத்தழகுதான் சொன்னாள், தாழ்ந்த குரலில். “அண்ணே, மானிட்டர் நல்லாத்தான் இருக்கு. மொதல்ல இருந்தே நல்லாத்தான் இருந்திருக்கு.”

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் லத்தீபாவும் அஃப்ரினும் அவரை மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணில் மருந்து விட்டு, ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, இன்னொரு மிஷினில் வெளிச்சம் அடித்து, படம் எடுத்து, மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்தார்கள். கட்டுச்சோற்றைப் பிரிக்க மூன்று பேருக்கும் மனசில்லை.

டாக்டரம்மாவுக்கு வயது அதிகமில்லை. படத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். தடித்த கண்ணாடி போடுகிறவர்கள் சிலருக்கு விழித்திரை மெலிந்து, நட்ட நடுவில் கெட்ட ரத்தக்குழாய் முளைக்கும். அது கசிந்து கசிந்து உள்ளே தழும்பாகிவிடும்.

“இது எப்ப இருந்து இருக்கு?”

“தை மாசத்துலருந்து,” என்றார் ஹனிபா.

“நாலு மாசமா? யார்கிட்டயும் காட்டலையா?”

“காட்டினோம்மா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற புள்ளகிட்டக் காட்டினோம்.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

அஃப்ரின்தான் கேட்டாள். “மொதல் மாசமே வந்திருந்தா மேடம்?”

“அதை இப்ப எதுக்கும்மா பேசணும்? இனிமே பரவாம இருக்க ஊசி போடலாம். தழும்பான இடம் திரும்பாது. ஓரப் பார்வை இருக்கும். நடமாடலாம், தன் வேலையத் தானே பாத்துக்கலாம். படிக்கிறது, எழுதுறது, முகம் அடையாளம் பிடிக்கிறது இதெல்லாம்…” என்று நிறுத்தினார். “சிரமம்.”

“ஓய்வு குடுத்தா வந்துருமா?” என்று கேட்டாள் லத்தீபா. “நாள் பூராம் அந்தப் பொட்டியவே பாப்பாக. அதுதான தின்னுருச்சு?”

“அதனால வந்தது இல்லம்மா.”

லத்தீபா அதை நம்பவில்லை. திரும்பி வருகிற பஸ் திருப்பத்தூரைத் தாண்டியது. ஹனிபா சொன்னார். “பொன்னுத்தாயி பத்திரத்துக்கு அண்ணன் என்ன செஞ்சாருன்னு தெரியல. அந்தத் தம்பிக்காரன, அவனுக்காக இங்க ஒருத்தர் கையெழுத்துப் போட அங்கருந்தே பவர் எழுதி அனுப்பச் சொல்லலாம். சொல்லணும்.”

“உங்களுக்கு இப்ப அதுதான் வேணுமா?” என்றாள் லத்தீபா.

“நான் பண்ணின தப்புல்ல?”

லத்தீபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சித்திரையில் ஒன்று, வைகாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று என்று கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கறை வளர்வது நின்றது. கறை நின்ற இடம் நின்றதுதான்.

ஆபீஸுக்கு ஒரு பெண்ணை டைப் அடிக்க வைத்துவிட்டு சொக்கு கழனிவாசலுக்கு வந்து அவரைக் கூப்பிட்டார். “நீ வந்து பக்கத்துல உக்காந்து சொல்லு ஹனிபா, அது அடிக்கட்டும். வாசகமெல்லாம் உனக்கு மனப்பாடம்தான? கூலியக் கூட்டிக் கேக்காத மனுசன் நீ, உன்னைய எப்படி விடுவேன்?”

ஹனிபா போனார். ‘இதனடியிற்கண்ட சொத்தை’ என்று ஆரம்பித்தால் கடைசி வரி வரைக்கும் ஒரு சொல்கூடத் தடுமாறாமல் சொன்னார். ஆனால் பெயரும் எண்ணும் எல்லையும் தாளில்தான் இருந்தன. அவற்றை அந்தப் பெண்ணே பார்த்து அடித்தாள். இரண்டாம் நாள் அவள் வாசகத்தையும் பழைய பத்திரத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த பக்கத்தில் இருந்தாள். கட்சிக்காரர்கள் அவருக்குச் சலாம் சொல்லிவிட்டு அவளிடம் போய் நின்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் செருப்பைத் தேடியபோது வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு தெருவில் பாதி தூரம் போய்விட்டார். செருப்புக்குச் சொந்தக்காரர் சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். நாலாம் நாள் ஹனிபா போகவில்லை. சொக்குவும் போன் பண்ணவில்லை.

அஃப்ரின் காலேஜை விட்டுவிட்டுத் தபாலில் படித்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு ஜவுளிக்கடையில் பில் போடப் போனாள். “அத்தா, ரெண்டு வருஷந்தான, நான் முடிச்சிருவேன்,” என்றாள். ஹனிபா வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

ஆடிக் காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு தெருவில் சுற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தழகு வந்தாள். ஒரு பையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். உள்ளே வர யோசித்து நிலைக்கு வெளியே நின்றாள். லத்தீபா, “வா,” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

ஹனிபா நாற்காலியில் இருந்தார். குரலை வைத்துத் தெரிந்துகொண்டு, “யாரு, முத்தழகா? வா தாயி, கடையெல்லாம் எப்படி இருக்கு?” என்றார். கேட்டது அவளைத்தான். முகம் பக்கத்துச் சுவரைப் பார்த்திருந்தது. அவள் பேசப் பேச அவர் தலை இன்னும் விலகித் திரும்பியது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்தழகு உடைந்துவிட்டாள். “பாய், என் மொகத்தக்கூடப் பாக்க மாட்டேங்குறீக. கோவந்தான் உங்களுக்கு. நான் ஒரு தரம் யோசிச்சிருந்தா… எனக்குத் தெரியலையேன்னு மொத நாளே சொன்னேன். அதோட விட்டிருந்தா நீங்க கண் டாக்டர்கிட்ட போயிருப்பீக. நானும் தெரியுற மாதிரியே நாலு மாசம் ஒவ்வொண்ணா மாத்துனேன்.”

“கோவமா? ஒன்னையத்தான் தாயி பாத்துக்கிட்டிருக்கேன்,” என்றார் ஹனிபா.

அவளுக்குப் புரியவில்லை. லத்தீபாதான் சொன்னாள். “நேரா பாத்தா அங்க ஆள் இருக்காது அவுகளுக்கு. செவுத்தப் பாத்தாத்தான் ஓரத்துல நீ தெரிவே. எங்க எல்லாரையும் அப்படித்தான் பாக்குறாக.”

முத்தழகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அழுகாத,” என்றாள் லத்தீபா. குரல் கடுமையாகவே இருந்தது. “நீ கட்டிக்கிட்டவளா? மாசத்துக்கு ஒரு தரம் வந்து போனவ. நான் கூடவே இருந்தேன். கஞ்சியத் தரையில ஊத்துனாக. நான் என்ன கேட்டேன் தெரியுமா? கவனத்த எங்க வச்சிருக்கீகன்னு கேட்டேன். உக்காரு. சாயா போடுறேன்.”

சாயா குடித்துவிட்டு அவள் போனாள். 

மத்தியானம் சோறு. தொண்டியிலிருந்து வந்த மீன் கிடைத்திருந்தது. ஞாயிறு என்பதால் குழம்பு வைத்திருந்தாள் லத்தீபா. அஃப்ரினுக்குக் கடையில் அன்றைக்கும் வேலை. ஆடித் தள்ளுபடி. பாயில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக விரலால் தடவி எடுத்து, வெறும் சதையை அவர் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டைப் பார்க்காமல் கதவுப் பக்கம் பார்த்தபடி எடுத்துச் சாப்பிட்டார்.

முத்தழகு முன்னால் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இத்தனை மாதமும் அழுகை வந்தால் அடுப்படிக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவாள். அவர் பார்த்துவிடக் கூடாது என்று. இப்போதும் எழுந்திரிக்கப் பாதி எழுந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். இரண்டு முழம் தூரத்தில்தான் இருந்தார். ஓரத்தில் அவள் உருவம் தெரியும், கண்ணீர் தெரியாது. கதவைப் பார்த்துக்கொண்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தார். அவள் துடைக்கவில்லை. சத்தம் மட்டும் வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“மீனு நல்லாருக்கு,” என்றார் ஹனிபா. “நீ சாப்புடு. எனக்கே எடுத்து வச்சுக்கிட்டிருக்காத.”

“சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துண்டைப் பிட்டாள்.